தராசுக்குத் தெரியாத மூச்சு

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வந்து மோதுவது காற்று. தெற்கே மலை சட்டென்று விழுந்துவிடுகிறது. கீழே சமவெளி, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி மங்கலாகக் கிடக்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல என்று வளைந்து வளைந்து ஏறிவரும் ஏ4 வீதியிலிருந்து இங்கேதான் ஏ16 வீதி பிரிகிறது. ஒரு பக்கம் கொஸ்லந்த, வெல்லவாய. மறுபக்கம் மேலே ஏறினால் அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல, அப்புறம் பதுளை.

சந்தியில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. "மேட்டு லயத்துக்கா அண்ணே? ஏறுங்க, கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றான் ஒரு பையன். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த குறுக்குப் பாதைதானே என்ற மிதப்பில் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பாதையைத் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. மானாப் புல் இரண்டு பக்கமும் வளர்ந்து மூடியிருந்தது. கல்படியில் அறுபது படி ஏறியிருப்பேன். நெஞ்சு தப்படித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் விறகுக் கட்டோடு ஒரு அம்மாயி வந்தார். எழுபதைத் தாண்டியவர், கொழுந்தெடுத்தே காய்ந்த உடம்பு. "என்னா மகன், இதுக்கே மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். கேட்டதற்காக நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

எனக்குத் தொந்தி பெரிதாக இல்லை. போன மாதம் உடம்பைப் பரிசோதித்தபோது, உயரத்துக்கேற்ற எடைதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தராசு சொன்ன கதை அது. அறுபது கல்படி வேறு கதை சொல்லிவிட்டது. இரண்டில் எதை நம்புவது? இந்த மலையில் அன்றைக்கு வாழ்ந்த உடம்பையும் இன்றைக்கு வாழும் உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

அன்று: மலை ஏறிய உடம்பு

மலைநாட்டுச் சனத்துக்குத் தராசு புதிதில்லை. மடுவத்தில் தொங்கிய கொழுந்துத் தராசுதான் ஒரு நாளுக்குப் பேர், அதாவது முழுநாள் கூலி, விழுமா, அரைப் பேரா என்று தீர்மானித்தது. முதலில் ராத்தல், பிறகு கிலோ. ஒரு நாளைக்கு 16, 18 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தே மூன்று, நான்கு தலைமுறை வளர்ந்தது.

அந்த முள் காட்டாத வேலையும் நிறைய இருந்தது. விடியுமுன் பீலியில் தண்ணீர் பிடித்து லயத்துக்குச் சுமக்க வேண்டும். ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கிருந்து மலை. இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. சரிவில் நிரை பிடித்து, கையை நீட்டிக் கொய்து, கூடை நிறைந்ததும் மடுவத்துக்கு இறங்கி, நிறுத்துப் போட்டு, மறுபடி ஏறுவது. இப்படி ஒரு நாளில் பல தடவை. ஆண்களுக்குக் கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு. வேலை முடிந்தால் விறகு. கோயிலுக்கும் கடைக்கும் டிஸ்பென்சரிக்கும் கால்தான். ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. லயத்து வாசலுக்கு எந்த வண்டியும் வரவில்லை. இராமேஸ்வரம் பக்கமிருந்து கடல் தாண்டி, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து, அதற்கும் மேலே ஏறிய ஆட்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். நடை இவர்களுக்குப் பிறப்போடு வந்தது.

இப்படி ஏறி இறங்கும் உடம்புக்குள் என்ன நடக்கிறது? இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசைக் கலங்கள் ஒட்சிசனைச் சீக்கிரம் வாங்கிச் செலவழிக்கக் கற்றுக்கொள்கின்றன. மூக்கில் நுழைந்த காற்று, நுரையீரல், இரத்தம், இதயம், தசை என்ற ஐந்து கை மாறி வேலையாக முடியும் இந்தத் திறனுக்குத்தான் இதய-சுவாசத் தகுதி என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் 'மூச்சு'. "அவளுக்கு நல்ல மூச்சு" என்று தோட்டத்தில் சொல்வார்களே, அதேதான்.

மருத்துவர்கள் அதை அளக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடலின் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசன் செலவாகிறது. இதை ஒரு 'மெட்' என்கிறார்கள். உச்ச முயற்சியில் அதைப்போல் எத்தனை மடங்கு உங்களால் இழுக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் மூச்சின் அளவு. 2009இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒரே ஒரு மெட் கூடினால் எல்லாக் காரணங்களாலும் வரும் மரண அபாயம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று குறைகிறது என்று கண்டார்கள். 2016இல் அமெரிக்க இதயச் சங்கம், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் போல இந்தத் தகுதியையும் ஒரு அடிப்படை அளவீடாகவே கருத வேண்டும் என்று சொன்னது.

இந்த அறிவுக்கான முதல் வலுவான தடயம் ஒரு பஸ்ஸில் கிடைத்தது. பெரகல சந்தியில் நின்றுகொண்டு அதை நினைக்காமல் இருக்க முடியாது. 1953இல் லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர், அந்நகர மாடி பஸ்களில் வேலை செய்த சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே கம்பனி, ஒரே வகைக் குடும்பங்கள், ஏறத்தாழ ஒரே சம்பளம். சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் வெட்ட மாடிப்படியில் நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு சாரதிகளுக்கே அதிகம் வந்தது. அதுவும் இளவயதிலேயே, கொல்லும் அளவுக்கு வந்தது. சாரதிகளின் காற்சட்டை இடுப்பும் அகலம்தான் என்று மொரிஸின் குழு பிறகு சீருடைப் பதிவுகளைப் பார்த்துச் சொன்னது. ஆனால் இடுப்புச் சிறுத்த சாரதிக்கும் அபாயம் கூடுதலாகவே இருந்தது. மூச்சு ஒரு கணக்கு, கொழுப்பு இன்னொரு கணக்கு என்பதற்கு அது முதல் அடையாளம்.

அன்றைய பொன்னுலகம் என்று நினைத்துவிடாதீர்கள்

இதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு திடகாத்திரம்!" என்று யாராவது பெருமூச்சு விட்டால் தோட்டத்துப் பெண்கள் சிரிப்பார்கள். ஏறிய உடம்புக்கு உண்ணக் கிடைக்கவில்லை என்பதே அன்றைய பெரிய உண்மை.

அதற்கும் நம் நாட்டிலேயே அளந்த சாட்சி இருக்கிறது. 1970களில், அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ரெஜி எட்ஜர்டனின் குழுவும் இலங்கை மருத்துவப் பேராசிரியர் பிரையன் செனவிரத்னவும் தோட்டப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்தார்கள். 1977இல் வெளிவந்த ஆய்வில், ஈமோகுளோபின் அளவு 6க்கும் 16க்கும் இடைப்பட்ட 75 பெண்களை ஓடுபட்டையில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் வற்றியவர்கள் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். அவர்களின் இதயம் அதே வேலைக்கு வேகமாக அடித்தது. ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின்தான். சுமக்கும் கூடையே சிறிதாகிவிட்டால் இதயம் எத்தனை நடை நடந்தாலும் மடுவம் நிறையாது. 1979இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இன்னும் நேரடியானது. இரும்புச்சத்து கொடுத்து ஈமோகுளோபின் ஏறியதும், இரத்தசோகை கடுமையாக இருந்த பெண்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். அதுமட்டுமல்ல, வேலை நேரத்துக்கு வெளியிலும் அவர்களின் நடமாட்டம் கூடியது.

அந்தக் கடைசி வரியை யோசித்துப் பாருங்கள். "தோட்டத்தாள் சோம்பேறி" என்று யார் யாரோ எத்தனை வருடம் சொல்லியிருப்பார்கள். இரத்தத்தில் இரும்பு இல்லை என்பதுதான் அந்தச் சோம்பலின் பெயர்.

இன்னொன்றும் உண்டு. வேலைக்காகப் படும் பாடும் உடலுக்காகச் செய்யும் பயிற்சியும் ஒரே பலனைத் தருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. கடினமான உடல் வேலை செய்யும் ஆண்களுக்கு, ஓய்வு நேரப் பயிற்சி தரும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மாறாக, அகால மரணம் சற்றே கூடுதலாகவே இருந்தது. எட்டு மணி நேரம் குனிந்து, சுமந்து, நிற்க நேரமின்றி உழைக்கும் உடம்பில் இரத்த அழுத்தம் நாள் முழுதும் உயர்ந்தே நிற்கிறது. இதயத்துக்கு அழுத்தம் மட்டுமல்ல, ஆறுதலும் வேண்டும். அரைமணி விரைந்து நடந்து, பிறகு நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கும் உடம்புதான் மூச்சைச் சேமித்துக்கொள்கிறது. மலை எங்கள் ஆட்களுக்கு மூச்சைக் கொடுத்தது. பசியும் சுமையும் அதில் பாதியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டன.

இன்று: மலை இறங்கிய உடம்பு

இப்போது மேட்டு லயம் வரை கொங்கிறீட் பாதை போட்டிருக்கிறார்கள். ஆட்டோ வாசலிலேயே நிற்கும். பீலிக்குப் போகத் தேவையில்லை, குழாய் இருக்கிறது. கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் விறகுக்குப் போகிறவர் குறைந்துவிட்டார்கள். இவையெல்லாம் நல்லவை, பாட்டிமார் கனவில்கூடக் கேட்டிராத நல்லவை. யாரும் இவற்றைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

ஆனால் வேலையும் மாறிவிட்டது. பிரட்டுக்குப் பேர் கொடுக்கும் இளம் ஆட்கள் சொற்பம். படித்த பிள்ளை பண்டாரவளையில் கடைக்குப் போகிறது, கொழும்பில் காசாளராக உட்காருகிறது, ஆட்டோ ஓட்டுகிறது, கார்மெண்ட்ஸில் மெஷினுக்கு முன்னால் குனிகிறது. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறது. மொரிஸின் கணக்கில் சொன்னால், நடத்துநர்களாக இருந்த ஒரு சனமே ஒரு தலைமுறையில் சாரதிகளாகிவிட்டது.

சாப்பாடு மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. மலை ஏறியவளுக்கு வேண்டியிருந்த கோதுமை ரொட்டியும், சீனி கொட்டிய தேத்தண்ணியும், உட்கார்ந்திருப்பவனின் தட்டிலும் அப்படியே விழுகின்றன. அதன்மேல் புதிதாக வந்தவை வேறு. பத்து மணிக்குப் பணிஸ், பகலில் சோறு, நாலு மணிக்கு ரோல்ஸ், இரவில் பெரகல சந்தியிலோ அப்புத்தளை டவுனிலோ கட்டிய கொத்து. பிறந்தநாள் கேக் இல்லாத லயம் இப்போது இல்லை.

விளைவு கிளினிக் வரிசையில் தெரிகிறது. 2005-06இல் இலங்கையின் பெரும்பாலான மாகாணங்களில் நடத்திய ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. 2018-19இல் நடத்திய இன்னொரு தேசிய ஆய்வு ஏறத்தாழ இருபத்துமூன்று என்றது. பதினைந்து வருடத்துக்குள் இந்த ஏற்றம். நாட்டின் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால் வருபவை. அன்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனவர்கள் காய்ச்சலோடும் வயிற்றோட்டத்தோடும் பூச்சியோடும் போனார்கள். இன்று கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பிரஷர் குளிசைக்கும் சீனி வருத்தக் குளிசைக்கும் நிற்கிறார்கள். அதில் பலரைப் பார்த்தால் ஒல்லி.

ஒல்லிக்குள் ஒளிந்த கொழுப்பு

இங்கேதான் தராசு நம்மை ஏமாற்றுகிறது.

2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகளின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் மராட்டியத்தின் புனே நகரத்துச் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் ஜோன் யட்கின். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் உடல்நிறைச் சுட்டெண் இருவருக்கும் 22.3, ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. தராசின் பார்வையில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் உடலின் கொழுப்பை அளந்தபோது, யட்கினின் உடம்பில் நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 பங்கு. நம் பக்கத்து உடம்புக்குத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் சும்மா கிடப்பதில்லை. வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரலும் தசையும் இன்சுலின் சொல்வதைக் கேட்க மறுக்கின்றன. இரத்தத்தில் சீனி ஏறுகிறது.

இது எங்கே தொடங்குகிறது? தாயின் வயிற்றில் என்கிறார் யாஜ்னிக். புனேயைச் சுற்றிய கிராமங்களில் சராசரி 2.7 கிலோவோடு பிறந்த பிள்ளைகளை, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோவோடு பிறந்த பிள்ளைகளோடு அவரது குழு ஒப்பிட்டது. நம் பிள்ளைகள் எல்லாவற்றிலும் சிறியவை. தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறையவில்லை. பசித்த தாயின் வயிற்றில் வளரும் கரு, தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றுகிறது. பஞ்சத்துக்குத் தயாராகிப் பிறக்கும் அந்தப் பிள்ளை, பிறகு பணிஸும் கொத்தும் உள்ள ஊரில் வளர்ந்தால் இளவயதிலேயே சீனி வருத்தம் வரக்கூடும்.

இது மராட்டியத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2016இல் இலங்கையில் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டுச் சராசரியாக நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப்புறத்தில் முப்பத்திரண்டு. ஊவாவின் லயங்களிலும் மத்திய மலைநாட்டின் லயங்களிலும் இன்று ஆட்டோ ஓட்டுகிற, கணினி தட்டுகிற இளைஞர்களின் தாய்மார்தான் அந்த இரத்தம் வற்றிய பெண்களும் அவர்களின் மகள்மாரும். அன்றைய பசியும் இன்றைய சீனியும் ஒரே உடம்பில் சந்தித்துக்கொள்கின்றன. மேலைநாட்டு நகரம் ஒன்று நூறு வருடத்தில் மெல்ல நடந்த தூரத்தை நம்மவர்கள் ஒரு தலைமுறையில் ஆட்டோவில் கடந்துவிட்டார்கள்.

அதனால்தான் ஆசியர்களுக்கு உடல்நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு சொன்னது. வெள்ளைக்காரருக்கு அந்தக் கோடு 25. தெற்காசிய ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80ம் எல்லை. ஒரு தையல்காரரின் நாடா, தராசைவிட நம் உடம்பைப் பற்றி நேர்மையாகப் பேசும்.

கொழுப்பா, மூச்சா?

அப்படியானால் எது பெரிது? இந்தக் கேள்வியோடு வாழ்நாளைக் கழித்தவர் அமெரிக்காவின் ஸ்டீவன் பிளேர். தினமும் ஓடியும் தடித்தே இருந்தவர். அதை அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். டெக்சஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலுள்ள கூப்பர் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோரை ஓடுபட்டையில் ஏற்றி, மூச்சை அளந்து, பிறகு பல வருடம் யார் பிழைத்தார், யார் போனார் என்று பின்தொடர்ந்தார். 1999இல் சுமார் 22,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு வந்தது. மூச்சுக் குறைந்த ஒல்லி ஆட்களைவிட, மூச்சு நன்றாக உள்ள தடித்த ஆட்கள் நீண்டநாள் வாழ்ந்தார்கள். 2014இல் பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், மூச்சுக் குறைந்தவர்களின் மரண அபாயம், எடை எதுவானாலும், ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்குப் பத்து வருடம் கழித்து ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரைச் சேர்த்த தொகுப்பாய்வும் அதே பக்கம்தான் நின்றது.

இதை வைத்துக்கொண்டு தொந்தியைத் தடவிக்கொள்ள வேண்டாம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாட்டு உடம்புகளைப் பற்றியவை. நம் உடம்பில் அதே எடைக்குள் கூடுதல் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. நீரிழிவைப் பொறுத்தவரை வயிற்றுக் கொழுப்புக்கு வேறு யாரும் தேவையில்லை. தனியாகவே வேலையை முடித்துவிடும். ஆகவே நம்மவருக்கான தீர்ப்பு இது: இடுப்பையும் பார்க்க வேண்டும், மூச்சையும் வளர்க்க வேண்டும், ஆனால் எடை குறையவில்லையே என்று நடையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. எடை அசையாவிட்டாலும், நடக்கிற தசை இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்கிறது. ஈரலைச் சுற்றிய கொழுப்பு, தராசுக்குத் தெரியாமலேயே கரையத் தொடங்குகிறது.

போன மூச்சு திரும்புமா? அதற்கும் டலஸ் நகரிலேயே ஒரு விடை இருக்கிறது. 1966இல் இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். அவர்களின் மூச்சுத்திறன் கால்வாசிக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து அளந்தார்கள். உடல் கொழுப்பு 14இலிருந்து 28 வீதமாக, அதாவது இரண்டு மடங்காகப் பெருகியிருந்தது. மூச்சும் குறைந்திருந்தது, ஆனால் முப்பது வருட முதுமை எடுத்ததைவிட மூன்று வாரக் கட்டில் எடுத்ததே அதிகம். பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஐம்பது வயதில் அவர்களின் மூச்சு இருபது வயதின் தொடக்க அளவுக்கே திரும்பியது. சேர்ந்த கொழுப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்போதே இது நடந்தது.

குறுக்குப் பாதையில் ஆரம்பிப்போம்

நகரத்து ஆட்கள் இதற்குக் காசு கொடுத்து ஜிம்முக்குப் போகிறார்கள். பெரகலக்காரருக்கு மலை சும்மா கிடைத்திருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு நாளைக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். வேகம் சரியா என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம்: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சரிவில் ஏறும்போது இது தானாகவே அமைந்துவிடும்.

உங்கள் மூச்சை அளந்து பார்க்கவும் ஒரு எளிய வழி உண்டு. ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள், இதய நோய் சந்தேகத்தில் வந்தவர்களை நான்கு மாடி, அதாவது அறுபது படி, நிற்காமல் ஏறச் சொன்னார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஏறியவர்களின் இதயம் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்கள் மேலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்கள். நெஞ்சு வலி உள்ளவர்களும், சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் படியில் கால் வையுங்கள். மற்றவர்கள் இன்றைக்குப் பத்துப் படி, அடுத்த வாரம் இருபது என்று கூட்டுங்கள்.

தனியாள் செய்வது பாதி. ஊர் செய்ய வேண்டியது மீதி. அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் எடை பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். அங்கே ஒரு அளவு நாடாவையும் அறுபது படியையும் சேர்த்துக்கொள்ளச் செலவில்லை. வளரும் பெண் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் இரும்புச்சத்தும் முட்டையும் பருப்பும் போய்ச் சேர்ந்தால், அடுத்த தலைமுறை பஞ்சத்துக்குத் தயாராகிப் பிறக்காது. பள்ளிக்கூடத்தில் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினால் பிள்ளைகளின் மூச்சு பிழைக்கும். தோட்டத்துத் தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் ஒரு சிரமதானம் வைத்து அந்தக் குறுக்குப் பாதையின் மானாப் புல்லை வெட்டிவிட்டால், அதைவிட மலிவான வைத்தியசாலை இந்த மலையில் வேறு இருக்க முடியாது.

பாட்டிமார் கூடையோடு ஏறினார்கள், வேறு வழியில்லாமல். நமக்கு வழி இருக்கிறது. கூடையில்லாமல், பசியில்லாமல், விரும்பி ஏறலாம். அடுத்த தடவை பெரகல சந்தியில் இறங்கும்போது, ஆட்டோக்காரத் தம்பியின் பிழைப்பையும் கெடுக்க வேண்டாம். பையையும் அரிசி மூட்டையையும் அவனிடம் ஏற்றிவிடுங்கள். நீங்கள் நடந்து வாருங்கள்.